திருமயத்தில் கடைசி இரண்டு நிமிடம்

பத்தாவதோடு நின்றவன் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆயுளில் நான் அதிகம் எழுதியது கால்பந்து நடுவர்களுக்கு மார்க் போடும் படிவங்களில்தான். அதிலும் ஒரு கட்டத்துக்கு மூன்று வரிக்கு மேல் இடம் இருக்காது. இதை வாய்விட்டு யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை. முழங்கால் போகும்வரை நானும் விசில் ஊதியவன்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவர் சங்கம் எந்த ஊருக்கு அனுப்புகிறதோ, அந்த ஊருக்கு ரயிலில் போவேன். பஸ் ஏறினால் எனக்கு வாந்தி வரும். பெரிய போட்டிகள் எதுவும் இல்லை. ஊர் இளைஞர்கள் நடத்தும் கோப்பை ஆட்டங்கள், சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்த மைதானங்கள். அங்கே நடுவர் எப்படி ஓடுகிறார், எங்கே நிற்கிறார், எதைக் கொடுக்கிறார் என்று பார்த்து எழுதி அனுப்புவது என் வேலை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. போகும்போது நடுவரும் நானும் ஒரே ரயிலில் இருந்தாலும் வேறு வேறு பெட்டியில் உட்கார வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு பத்து நிமிடம் தனியாக நின்று நிறைகுறை சொல்ல வேண்டும். அன்றைக்குத் திருமயம் ஆட்டத்துக்கு நடுவராக வந்தவர் ஆவூர்ப் பக்கத்துப் பெண். கீரனூரில் ஏறி இரண்டு பெட்டி தள்ளி வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அடுத்த கிரேடுக்குப் போக மூன்று ஆட்டங்களில் நல்ல மார்க் வேண்டும். இரண்டு வாங்கிவிட்டார். இது மூன்றாவது. அந்த மாதத்தோடு அவருக்கு வயது வரம்பு முடிகிறது. அதற்குள் வேறு போட்டி கிடையாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கோல் கம்பத்துக்கு நேராக ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஒருத்தர் கடலை உரித்துக்கொண்டே கேட்டார்.

"என்னண்ணே, கால் மணி நேரமா எழுதுறீங்க. லவ் லெட்டரா?"

"இல்லைங்க, சும்மா."

"இந்த வயசுல சும்மா எழுதுனா வீட்ல சோறு கெடைக்காதுண்ணே."

மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டம் டீச்சரை விடவில்லை. "டீச்சர், பெல் அடிச்சாச்சு, பசங்களை வீட்டுக்கு விடுங்க!" என்று ஒருவன். "விசில் நல்லாத்தான் ஊதுறாங்க, கண்டக்டர் வேலைக்கு எழுதிப் போடச் சொல்லுடா!" என்று இன்னொருவன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் நடுவில் போய் நின்று ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். இருவரும் கையை எடுத்துவிட்டார்கள். நான் பார்த்த நடுவர்களில் அவ்வளவு சுலபமாக அதைச் செய்தவர்கள் இல்லை.

பந்து வெளியே இருக்கும்போது மட்டும்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். கார்னர் கிக்குக்குப் பந்தை வைக்கப் போனார்கள், நேரம் இருக்கிறது என்று குனிந்தேன். "சண்டையைப் பேச்சாலேயே" என்று எழுதிவிட்டேன். என் எழுத்து மெதுவானது. வாக்கியத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

விசில் கேட்டது. நிமிர்ந்தபோது அவர் கை பெனால்டி புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நெஞ்சுல பட்டுச்சுங்க! கையில படவே இல்ல!" என்று உள்ளூர்க் கேப்டன் கத்தினான். கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது. எப்படியோ பெனால்டி அடித்தார்கள், கோல் விழுந்தது, உள்ளூர் தோற்றது. விழாக் கமிட்டிக்காரர் நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணே, மார்க் போடுறவரு நீங்கதானே? பார்த்தீங்கல்ல?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது.

படிவத்தின் கடைசிக் கேள்வி அதுதான். முக்கியமான முடிவு சரியா, தவறா, பார்க்கவில்லையா. பார்க்கவில்லை என்று எழுதினால் அந்த ஆட்டமே அவருடைய மார்க் கணக்கில் சேராது. சரி என்றால் பொய். தவறு என்றாலும் பொய்.

வழக்கமான அந்தப் பத்து நிமிடப் பேச்சைத் தவிர்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நின்றேன். அவர் அங்கேயும் வந்துவிட்டார்.

"என்ன சார், பேசாமலே வந்துட்டீங்க."

"ட்ரெயின் போயிரும்னு..."

"ட்ரெயின் அரை மணி நேரம் லேட்டுங்க சார். இப்பத்தான் சொன்னாங்க."

அந்த அரை மணி நேரமும் நான் அவருடைய ஓட்டத்தைப் பற்றியே பேசினேன். திரும்பும்போது ஒரே பெட்டியில் உட்காரலாம், எதிரே உட்கார்ந்தார். முழங்கையில் காய்ந்த மண். நமணசமுத்திரம் தாண்டியதும் கேட்டார்.

"மார்க்குக்காகக் கேக்கல சார். அது கைதானே?"

"நீங்கதானேம்மா ஊதுனீங்க?"

"எனக்கு முன்னாடி ரெண்டு பேரு முதுகு சார். சத்தம் கேட்டுச்சு. அந்தப் பையன் கையை டக்குனு பின்னாடி இழுத்தான். அதை வச்சு ஊதிட்டேன். நம்ம ஆளுங்கள்ல நேரா உக்காந்திருந்தது நீங்க ஒருத்தர்தான். தப்புன்னா தப்புன்னு சொல்லிருங்க. தாங்கிக்கிருவேன்."

பார்க்கவில்லை என்ற ஒரு சொல் போதும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"கைதாம்மா," என்றேன்.

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். "அம்மா, சரிதானாம். ஆமா, சார் பார்த்தாராம். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திரு." பார்த்தேன் என்று நான் சொல்லவில்லையே என்று எனக்குள் ஒரு சமாதானம் ஓடியது. இவ்வளவு கேவலமாக ஒருவனால் யோசிக்க முடியுமா என்று அப்போதே தோன்றியது.

புதுக்கோட்டையில் இறங்கினேன். அவர் சன்னல் வழியாகக் கையசைத்தார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா. கையில மண்ணு இருக்கு, கழுவிக்கிருங்க."

வண்டி நகர்ந்தது.

மறுநாள் காலை படிவத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சங்கத்துக்கு அனுப்பினேன். பதினோரு மணிக்கு, இந்த ஆட்டம் கணக்கில் வராது என்று பதில் வந்தது. அன்று கடைக்குச் சரக்கு வரும் நாள். மதியம் வரை டின் இறக்கினோம்.