மண்ணாங்கட்டி வைத்த விளக்குகள்

மண்ணாங்கட்டி என்ற பேரை நான் முதலில் கேட்டது என் ஓரகத்தி சுப்பம்மா வாயால்தான். அவள் தம்பி பொன்னுரங்கத்துக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும், நல்ல பேர் வைத்தால் எமன் கண்ணில் படும் என்று குப்பையில் புரட்டியெடுத்து இந்தப் பேரை வைத்தார்கள். இவன் பிழைத்துக்கொண்டான்.

வளர்ந்து லைட்டுக்காரன் ஆனான். மயிலாப்பூரில் கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, அவன் சீரியல் செட்தான். பங்குனித் திருவிழாவில் மாட வீதியே அவன் கையால் ஜொலிக்கும். கால்வாய்க்கரைக் குடிசையில் அவனும் அவன் மனைவி பொன்மணியும் பிள்ளைக்காகப் பல வருஷம் ஏங்கி, தொண்ணூற்று நாலில் ஒரு பெண் பிறந்தது.

மூன்றாம் நாளே குழந்தை மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டி நீல விளக்குக்கு அடியில் போட்டார்கள். பால் கொடுக்க மட்டும்தான் தூக்கலாம். பொன்மணி ஓயாமல் அழுதாள். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். மண்ணாங்கட்டி அந்த விளக்கை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா அத்தே, நாலு டியூப் லைட்டு! இதுக்கா புள்ளைய கட்டிப் போட்டு வெச்சிக்கீறாங்க? நம்மகிட்ட ஒரு தெருவுக்கே லைட்டு கீதே!"

"டாக்டரம்மாவ ஒரு வார்த்தை கேளுடா."

"லைட்டப் பத்தி எனக்கே சொல்றியா?"

நர்ஸ் தடுக்கத் தடுக்கத் தூக்கிவந்துவிட்டான்.

கல்யாண மேடைக்கு வைக்கும் ஃபோகஸ் லைட்டுகளைத் தூளியைச் சுற்றி வைத்தான். குடிசையே மஞ்சளாகத் தகதகத்தது. அந்த வெளிச்சத்தில் குழந்தையின் மஞ்சள் குறைந்ததா கூடியதா என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் வீறிட்டது. மறுநாள் அழுகை நின்றது.

"பாத்தியா பொன்மணி, சொகமாயிடுச்சி" என்றான்.

சாயங்காலம் பால் இறங்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்தது. திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் சாருலதா திட்டவில்லை. ரத்தம் மாற்றிவிட்டு வந்து அவனை உட்காரவைத்துச் சொன்னார்.

"வெளிச்சம் தண்ணி மாதிரி ஊத்துறது இல்லப்பா. பொடிப்பொடியா வந்து விழுது. ஒவ்வொரு நிறத்துப் பொடிக்கும் அதோட பலம்தான். நீலப் பொடிக்குத்தான் அந்த மஞ்சளை மாத்தற பலம் இருக்கு. ஒன் பல்புல அது ரொம்பக் கம்மி. மத்தப் பொடி ஆயிரம் சேர்ந்தாலும் ஆகாது. சில உலோகத் தகடு இருக்கு, சிவப்பு விளக்கை எவ்வளவு அடிச்சாலும் அதுலேருந்து துளி கரண்ட் வராது. நீலம் லேசாப் பட்டாலே வரும்."

"அப்ப என் லைட்டுங்க இன்னாதாம்மா பண்ணுச்சி?"

"சூடாக்கிச்சு."

அதற்குள் அந்த மஞ்சள் குழந்தையின் மூளைக்கு ஏறியிருந்தது.

குழந்தை பிழைத்தது. காது கேட்காது, கழுத்து நிற்காது. மண்ணாங்கட்டியின் அம்மா அதற்கும் ஒரு குப்பைப் பேர் வைக்கலாம் என்றாள். பொன்மணி எழுந்து வெளியே போய்விட்டாள்.

இப்போது வருஷம் தொண்ணூற்றெட்டு. பொன்மணி குழந்தையோடு ராயப்பேட்டையில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மண்ணாங்கட்டி அதே குடிசையில் தனியாக இருக்கிறான். வேறு தொழில் தெரியாது, சீரியல் செட்தான் போடுகிறான்.