நாற்பத்தேழாம் எண்ணின் மார்க் ஷீட்

உடோன் நகரில், பொறியியல் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் வாய் சும்மா இருக்காது. அந்த வாயால் ஒரு பையனை அழிக்கப் பார்த்தேன், பாவி.

இங்கே சேர்க்கை எண்ணின் கடைசி இலக்கங்கள் ஒரே மாதிரி இருந்தால் மூத்தவரும் இளையவரும் சொந்தம். இரண்டாம் ஆண்டு நாற்பத்தேழு சௌவனி. புதிதாக வந்த நாற்பத்தேழு பக்பூம். அவனுக்குச் சோறு வாங்கித் தருவதும் தன் நோட்டைக் கொடுப்பதும் அவள் கடமை. அவளுடைய கணக்கு நோட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அதைப் பிரதி எடுத்துக் கொடுத்தபோது, இதைப் படித்தால் கழுதைகூடப் பாஸாகிவிடும் என்று அவனிடம் சொல்லி வைத்தேன்.

முதல் செமஸ்டரில் கணக்கோடு சேர்த்து அவனுக்கு நான்கு பாடம் போயிற்று. பையன் விடுதி அறையைத் தாழிட்டுக்கொண்டான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அடுத்த செமஸ்டருக்குப் பதியாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ரோய் எட் ஊர்ச் சந்தையில் மீன் விற்கும் அவன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. சௌவனி தினமும் கதவிடுக்கில் நோட்டைத் தள்ளுவாள். அது திரும்பி வரும். கதவுப் பிடியில் அவள் மாட்டிய சோற்றுப் பொட்டலத்தை எறும்பு தின்றது. அவன் உயிரை மாய்த்துக்கொள்வானோ என்று அவளுக்கு நடுக்கம். எனக்கும்தான்.

வெள்ளி மதியம் கடையைச் சாத்திவிட்டு அவளோடு போனேன். கதவைத் தட்டினேன்.

"கழுதைகூட பாஸாயிடும்னீங்களே. நான் ஆகல. போங்கக்கா."

சௌவனி முகம் வெளுத்துப்போனாள். பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தாள். நடை முழுக்கப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பக்பூம், அதே கணக்குல நானும் ஃபெயிலுடா. அந்த நோட்டு ரெண்டாந்தடவ படிச்சப்போ எழுதினது. உன் முன்னாடி தலை குனியக் கூடாதுன்னு மறைச்சுட்டேன்."

மார்க் ஷீட்டை உள்ளே தள்ளினாள். அது திரும்பி வருமென்று தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி ஆயிற்று. மூன்றே கால். காகிதம் வரவில்லை.

மூன்றரைக்குத் தாழ் விலகியது. முகம் வீங்கிப்போய் நின்றான். ஒன்றும் கேட்காமல் இரண்டு பேரையும் என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். பதிவு ஜன்னல் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டான்.

இந்த வருடம் அடுத்த நாற்பத்தேழு வந்திருக்கிறாள். நேற்று பக்பூம் அதே நோட்டைப் பிரதி எடுக்கக் கொண்டுவந்தான். மேலே சௌவனியின் மார்க் ஷீட், அதற்கும் மேலே அவனுடையது.

"இது ரெண்டும் முதல் பக்கமா வரணும்க்கா. அவ வாங்க வந்தா, நீங்க வாயத் திறக்காம குடுங்க."