ராணியின் உச்ச வரி

என் கணவர் மெல்லிசைக் குழுவில் பெண் குரலில் பாடுபவர். ஊர்த் திருவிழா நாடகங்களில் பெண் வேடமும் கட்டுவார். எங்கள் கல்யாணத்துக்கு முந்திய ஆடியிலிருந்து, அவர் எந்த ஊரில் எப்போது மேடை ஏறினார் என்பது எனக்கு அத்துப்படி.

போன மாசியில் கீழவைப்பாரில் ராணி வேடம்; ராணியின் பாட்டில் உச்சத்துக்குப் போகும் ஒரு வரி உண்டு. ஐம்பதைத் தாண்டியதிலிருந்து உச்ச வரிகளில் அவர் குரல் உடைந்துவிடுகிறது. இந்த மேடையில் உடைந்தால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்தார்.

அவர் சேலைக்கு நான் ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். "ஏளா, அந்த வரி எனக்கு வராது" என்றார்.

"வராட்டி நான் பாடுதேன். நீங்க வாய மட்டும் அசைங்க."

சிரித்தார். ஆனால் அந்த வரி நெருங்கியதும் பக்கப் படுதாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்துத் திரும்பினார். நான் அங்கே இருந்த பின்பாட்டு மைக்கில் அந்த வரியைப் பாடினேன்.

முன்வரிசையில் ஓர் அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாகவே சொன்னாள்: "இத்தன வருசத்துல இன்னைக்குத்தாம்ளா இவன் குரல் அசல் பொம்பள குரல் மாதிரி இருக்கு."

நாடகம் முடிந்ததும் விழாக் கமிட்டி அண்ணாச்சி அடுத்த வருடத்துக்கும் அவரையே ராணி வேடத்துக்குப் பேசிவிட்டார். பைக்கில் தூத்துக்குடி திரும்பும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த வருசமும் என்கூட வாரியாளா?"

"தேதியச் சொல்லுங்க" என்றேன்.