கழுவித் தீராத மருந்து

என் மனைவி போத்தல்களை நம்பாதவள். திருகோணமலையில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக இருந்தாள். சண்டைக் காலத்தில் போத்தலுக்கும் தட்டுப்பாடு. பாணி மருந்துக்கு வருபவர்கள் வீட்டிலிருந்து தேன் போத்தல், நல்லெண்ணெய்ப் போத்தல் என்று அகப்பட்டதைக் கொண்டுவருவார்கள். மூதூரிலிருந்து கடல் கடந்து லோஞ்சில் வருபவர்கள்கூட மடியில் ஒரு போத்தலோடுதான் வருவார்கள். கழுவியது என்று அவர்கள் சத்தியம் செய்தாலும், இவள் வெறும் தண்ணீர் விட்டுக் குலுக்கி, மூடிவைத்து, சற்றுப் பொறுத்து முகர்ந்து பார்த்த பிறகே மருந்து ஊற்றுவாள். கட்டிய புருஷனையும் ஏறக்குறைய அப்படித்தான் சோதித்தாள்.

நான் இரசாயன விரிவுரையாளன். அவளுக்குத் தொய்வு வருத்தம், மூச்சு இழுக்கும். தியோபிலின் குளிசை போட்டால் மூச்சு இலேசாகும், ஆனால் நெஞ்சு படபடத்துக் கை நடுங்கும். குளிசையின் வேகம் அடங்கியதும் மறுபடி இழுப்பு. அந்த மருந்தைச் சுமந்து நின்று, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற பொலிமர் ஒன்றைச் செய்து தருகிறேன் என்று சபதம் எடுத்தேன்.

வழி இதுதான். தியோபிலினைச் சுற்றிப் பொலிமரை இறுக வைக்க வேண்டும். பிறகு தியோபிலினைக் கழுவி எடுத்தால் அதன் வடிவிலேயே குழிகள் மிஞ்சும். மறுபடி மருந்தை ஏற்றினால் குழிகள் தம் ஆளை அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லத்தான் விடும். இதைக் குசினி வாசலில் நின்று அரைமணி நேரம் விளக்கினேன். எழும்பிப் போன விருந்தாளிக்குக் கதிரை காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி என்று சொல்லிவிட்டு, அவள் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

கழுவ மெதனோல் வேண்டும். சோதனைச் சாவடிகளைத் தாண்டி அது வருவதற்கு மூன்று கடிதம், நாலு கையொப்பம். கடைசியில் வந்தது ஒரேயொரு போத்தல். அது தீரும்வரை கழுவினேன். மெதனோல் தீர்ந்ததும், கழுவ வேண்டியதும் தீர்ந்தது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு மருந்தை ஏற்றி, உடற் சூட்டில் கரைசலில் வைத்து, வெளியே வரும் மருந்தை அளந்தேன். இரண்டு நாள் ஒரே சீராக மருந்து வந்தது. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. கொழும்பு மாநாடு ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டதாகக் கடிதமும் வந்தது. உப்புவெளி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்குக்கூட விளங்கப்படுத்தினேன். பாவம், அவர் ஒரு தரிப்பு முந்தியே இறங்கிவிட்டார்.

அன்று பின்னேரம், மணிக்கு மணி வந்த மருந்தின் அளவைக் கோடாகக் கீறிய வரைபை அவளுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

“மருந்து ஏத்த முதல், வெறும் தண்ணியில போட்டுப் பாத்தனீங்களோ?”

தேவையில்லை, கழுவியாயிற்று என்றேன்.

“போத்தல் கொண்டுவாற எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளை மடக்குவதற்காகவே, மறுநாள் மருந்து ஏற்றாத பொலிமர்த் தூளைக் கரைசலில் வைத்தேன். இரண்டு நாள் ஒரே சீராக, ஏறக்குறைய அதே அளவு மருந்து வந்தது. நான் ஏற்றியதை அது பிடிக்கவே இல்லை. கழுவியும் போகாமல் உள்ளே ஒட்டிக்கிடந்த பழைய மருந்துதான் இத்தனை நாளும் கசிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஒரு மாதத்துக்குச் சிரிக்கப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. கட்டுரையைத் திருப்பி எடுங்கோ என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அன்று இழுப்பு இருந்தது. குளிசையைப் போட்டுக்கொண்டு போய்ப் படுத்தாள்.

மாநாட்டுக்கு எழுதவேண்டிய கடிதத்துக்கு உறை தேடி அலுமாரியைத் திறந்தேன். சேலைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன வெறும் போத்தல் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஒரு மணமும் இல்லை. மருந்தகத்து லேபலில் அவளுடைய கையெழுத்து: “இவர் செய்யிற மருந்து. எனக்கு.”

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவள்தான், விடை வேறாக இருக்க வேண்டும் என்று என்னைவிடக் கூடுதலாக ஆசைப்பட்டவள். போத்தலை இருந்த இடத்திலேயே வைத்தேன். கட்டுரையைத் திருப்பி எடுக்கும் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு, மெதனோலுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கினேன். இந்த முறை நாலு போத்தல் கேட்டேன்.