செபமாலை நடுவே வந்த நடுக்கம்

போன வருடம் கோடை முடிகிற நேரம். டென்மார்க்கில், வைலே நகரில், எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடந்தது இது.

அதற்குச் சற்று முன்புதான் எங்கள் ஆலயக் குழுவோடு தன்சானியாவில் ஒரு குட்டிக் கிராமத்துக்குப் போய், இரண்டு கிழமை இறைபணி செய்துவிட்டு வந்திருந்தேன். சிற்றாலயத்துக்குக் கூரை போட்டோம், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தோம். மலேரியா மாத்திரையை வீடு திரும்பிய பிறகும் ஒரு கிழமை விழுங்க வேண்டும் என்று குழுவில் வந்த தாதி சொல்லியிருந்தார். மற்றவர்கள் விழுங்கினார்கள். நானோ இலங்கையில் மன்னார்க்காரன், சின்ன வயதில் மலேரியா வந்து பிழைத்தவன். எங்கள் ஊர் நுளம்புக் கடி செய்யாததையா ஆப்பிரிக்க நுளம்பு செய்துவிடப் போகிறது என்று ஒரு வீராப்பு. வந்த அன்றே மாத்திரைப் பெட்டியை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டேன்.

அடுத்த கிழமை காய்ச்சல் வந்தது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதிப் பேருக்குச் சளிக்காய்ச்சல். எனக்கும் அதுதான் என்று மல்லித் தண்ணீர் குடித்தேன், ஆவி பிடித்தேன். டாக்டருக்குப் போன் எடுக்கவேயில்லை. சனிக்கிழமை தமிழ்க் குடும்பங்கள் செபமாலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, என் பயணக் கதையையும் கேட்பதாக இருந்தது. வரச்சொல்லிவிட்டு எப்படி மறிப்பது? மனைவி ரோல்ஸ்கூடப் பொரித்து வைத்துவிட்டாள்.

செபமாலை பாதியில் எனக்கு நடுக்கம் பிடித்தது. பல்லோடு பல் அடித்தது. இரண்டு போர்வை போர்த்தியும் நிற்கவில்லை. உடனே எல்லோரும் என்னைச் சுற்றி முழந்தாளிட்டு, எனக்காக இன்னொரு செபமாலை தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு அன்பு. எனக்கோ எதிரே இருந்தவரின் முகமே தெரியவில்லை. செத்துவிடுவேனோ என்று பயந்துபோனேன்.

அப்போது எஸ்பியர்க் நகரிலிருந்து செபமாலைக்கு வந்திருந்த ஒரு அக்கா எழுந்து கிட்டே வந்தார். அவரும் மன்னார்தான், தகப்பனை மலேரியாவுக்குப் பறிகொடுத்தவர். மாத்திரையை ஒழுங்காகப் போட்டேனா என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். அவர் கார்ச் சாவியைக் கையில் எடுத்தார்.

"செபம் காருக்குள்ளையும் சொல்லலாம் தம்பி. முதல்ல எழும்புங்கோ."

இரண்டு பேர் என்னைத் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். மனைவி அவசர எண்ணுக்கு அழைத்து, நான் ஆப்பிரிக்கா போய்வந்ததைச் சொன்னாள். ஆஸ்பத்திரி வரும்வரை அக்கா காரை ஓட்டியபடியே "அருள் நிறைந்த மரியே" சொல்ல, பின் சீட்டில் மனைவி அழுதழுது பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இரத்தத்தைச் சோதித்தார்கள். மலேரியாவேதான். விடியும்வரை விட்டிருந்தால் ஆளைக் காப்பாற்றியிருப்பது கஷ்டம் என்றார் டாக்டர். மருந்து ஏற ஏற, போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. இரண்டொரு நாளில் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றேன். அதுவரை அழுதுகொண்டிருந்த மனைவி அப்போதுதான் என்னைத் திட்டத் தொடங்கினாள். அதைப்போல இனிமையான பேச்சை நான் கேட்டதேயில்லை.

கடவுள் காப்பாற்றினார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் நாங்கள் போய்வந்த கிராமத்தில் ஒருவருக்கு இதே நடுக்கம் பிடித்தால், ஏற்றிக்கொண்டு போக வாசலில் ஒரு கார் நிற்காது என்ற நினைப்பு வரும்போது, என் நன்றிச் செபம் இன்றைக்கும் பாதியில் நின்றுவிடுகிறது.