கடல் தெரியும் வீடு

லண்டனில் படித்தவன் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமலே தெரிகிற மாதிரி நடந்துகொண்டேன், அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு வேறொரு மாநிலத்தில் கடலோர மாவட்டம் ஒன்றுக்குக் கலெக்டராக இருந்தேன். வீடிழந்த மீனவர்களுக்கு ஒரு மேட்டுக்குப் பின்னால் காலனி கட்டினேன். கான்கிரீட் வீடு, குழாய்த் தண்ணீர், நேரான தெரு. டெல்லியிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

குடியேறிய சில மாதங்களில் பெண்கள் மனு கொண்டு வந்தார்கள். வாசலில் நின்றால் கடல் தெரியவில்லை, மேட்டின் மேலேயே அரசு நிலம் கிடக்கிறது, அங்கே மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். ஓட்டலில் ரூம் கேட்கிற மாதிரி கேட்கிறார்கள் என்று என் அதிகாரிகளிடம் சொல்லிச் சிரித்தேன். மனுவை நிராகரித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருடம் திருவிழாவுக்குக் கடியப்பட்டணம் வந்தேன். நான் பிறந்த ஊர். பங்குத்தந்தை பொன்னாடை போர்த்தினார். மதியம் தங்கச்சி வீட்டில் சாப்பாடு. அவள் கணவரும் கடலுக்குப் போகிறவர்தான். சாப்பிட்டுக்கொண்டே அந்த மனுக் கதையை எடுத்துவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கடலு தெரியலேன்னா அந்தப் பெண்டுவ எப்பம் ஒல வைப்பாளுவ அண்ணா?"

சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா அடுக்களைப் புறவாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முட்டம் பாறைக்கு இப்பால் அப்பாவின் படகுப் பாய் தெரிந்த பிறகுதான் உலை வைப்பாள். பாய் தெரியாத நாளில் அடுப்பு பற்றாது. நாங்களும் பசிக்கிறது என்று வாய் திறக்க மாட்டோம். பதினேழு வயது வரை அந்தச் சோற்றைத் தின்றுதான் வளர்ந்தேன். அதை மறந்த எனக்கா பொன்னாடை என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

போனதும் அந்த மனுவின் கோப்பை எடுப்பதாகத் தங்கச்சியிடம் சொன்னேன். எடுக்கவும் செய்தேன். இரண்டு நாள் மேசையில் கிடந்தது. திறந்தால் நானே கட்டிய காலனியை நானே தப்பு என்று எழுத வேண்டும். பதவி உயர்வுப் பட்டியல் வரப்போகிற நேரம். மூன்றாம் நாள் திறக்காமலே கோப்பைத் திருப்பி அனுப்பினேன். உயர்வு வந்தது. மாற்றலும் வந்தது.

மறுவருடம் திருவிழாவுக்குப் போனபோது தங்கச்சி வாசலிலேயே நின்றாள். பையைக்கூட வாங்கவில்லை, முதல் கேள்வி அதுதான்.

"அவியளுக்கு மேட்டுல வீடு குடுத்தியா அண்ணா?"

"குடுத்தாச்சு," என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. நீ செய்வேன்னு எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் எனக்கு உலை வைத்தாள்.