செவ்வந்தியும் துவைக்காத சேலையும்

சென்ற வாரம் என் வீட்டு மாட்டுக்கொட்டிலில் ஒரு விரிவுரை நடந்தது. விரிவுரையாளருக்கு வயது முப்பதைத் தாண்டாது. கேட்டவர்கள் இருவர் — ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவப் பேராசிரியர் ஒருவர். அவருடைய கொட்டிலைக் கூட்டும் பியதாச. கரும்பலகை இல்லை. பாடப்பொருள் நான்கு காலில் நின்று உதைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பேராசிரியர் நான்தான்.

இந்தப் பத்தி சில வாரங்களாக ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி பார்வதி காலமாகிவிட்டாள். இனி மாட்டுக்கு வருவோம்.

செவ்வந்தி, பார்வதியின் மாடு. மாடுகளைப் பற்றிக் கற்பித்தே என் தலை நரைத்தது. ஆனால் இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டவில் எங்கள் வீட்டு மாட்டின் அருகே காலையும் மாலையும் போய்க் குந்தியவள் அவள்தான். முதல் இரண்டு ஈற்றிலும் வேறொருவர் கை அந்த மடியில் பட்டதில்லை. மூன்றாம் ஈற்றின்போது அந்தக் கை இல்லை.

கன்று போட்ட சில நாட்களில் மடியின் ஒரு பக்கம் வீங்கிச் சூடேறியது. மடிநோய். வைத்தியம் எளிது: கெட்ட பாலை நாளுக்குப் பலமுறை ஒட்டக் கறந்து எடுத்துவிட்டு, காம்பு வழியே மருந்தை ஏற்ற வேண்டும். தாமதித்தால் மடியின் அந்தப் பகுதி செத்துவிடும். விஷம் உடம்பில் ஏறினால் மாடே போய்விடும். இதை எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்வதற்கு மாட்டின் சம்மதம் தேவையில்லை... செய்வதற்குத் தேவை.

அரச கால்நடை வைத்தியர் வந்தார். நல்ல இளைஞர். ஊசி போட்டார், மடியைத் தொட்டபோது உதை வாங்கினார். நான் முயன்றேன், வாளி பறந்தது. காலைக் கட்டினோம். செவ்வந்தி வலிக்கிற மடியின் மேலேயே படுத்துக்கொண்டாள்.

"அனே மஹத்தயா, நோனா இல்லாம இது யாருக்கும் நிக்காது. வித்துப் போடுங்க" என்றார் பியதாச. எங்கள் ஊர்ச் சிங்களவர். என்னை மஹத்தயா என்பார், பார்வதியை நோனா என்பார். அவர் சொன்னதில் பிழையில்லை. இரத்தினபுரியிலிருந்து ஒரு மாட்டு வியாபாரி வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, சனிக்கிழமை லொறியோடு வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். அந்த லொறி ஏறும் மாடுகள் எங்கே இறங்கும் என்பது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை செல்வராணி வந்தாள்.

குருவிட்டவுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் மகள். லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, கால்நடை மருத்துவம் படித்து, நான் முன்பு கற்பித்த அதே துறையில் இப்போது விரிவுரையாளர். நான் ஓய்வுபெற்ற பிறகுதான் அவள் அங்கே படிக்க வந்தாள். என் நாற்காலியைத்தான் அவளுக்குக் கொடுத்தார்கள் என்றால் எழுத அழகாக இருக்கும். அது எப்போதோ உடைந்துவிட்டதாம். லீவில் வீட்டுக்கு வந்தவள், துக்கம் விசாரிக்க வந்திருந்தாள்.

இங்கே சற்று விலகிச் செல்ல அனுமதியுங்கள். நான் மாணவனாக இருந்த வகுப்பில் பெரிய கல்லூரிகளிலிருந்து வந்த ஆண்கள் நிறைந்திருந்தோம். ஒரேயொரு பெண். அவரைக் கோழிகளோடும் நுணுக்குக்காட்டியோடும் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மரியாதை என்று பெயர். இன்று நிலைமை வேறு. வகுப்பில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் ஒருவர் இருவராக வருகிறார்கள். விரிவுரை மேடையிலும் புதிய முகங்கள். சென்ற ஆண்டு பழைய சகாக்கள் கூடியபோது நண்பர் ஒருவர் பெருமூச்சு விட்டார்: "எல்லாம் சரி, மாட்டை யார் பிடிப்பது?" எல்லோரும் சிரித்தோம்.

அந்தக் கேள்விக்கான பதில் என் முன்வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

தேநீர் ஆறுமுன் கொட்டிலிலிருந்து வாளி உருளும் சத்தம் கேட்டது. செல்வராணி எழுந்து போய்ப் பார்த்தாள். மடியைத் தொடவில்லை, தள்ளி நின்றே மூச்சை, கண்ணை, நிற்கும் விதத்தைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"சார், அம்மாவோட சேல ஏதாச்சும் இருக்குங்களா?"

"இருக்கிறது. ஏன்?"

"துவைக்காததா இருக்கணுங்க சார்."



துவைக்காத சேலை ஒன்றே ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலையில் பார்வதி மாற்றிவிட்டுப் போட்டது. அறைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கியது. அதை நான் எடுக்கவில்லை. யாரையும் எடுக்க விடவுமில்லை. கொட்டிலுக்குள் போய் வந்தால் அதில் என்ன மிஞ்சும்?

"இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று கேட்டேன். கேள்வியில் சற்றுக் கடுமை இருந்திருக்கலாம்.

"புத்தகத்துல இல்லீங்க சார். எங்க லயத்துல இருந்துச்சு" என்று சிரித்தாள். "தம்பி பொறந்தப்ப அம்மா இரத்தினபுரி ஆஸ்பத்திரியில. மாடு யாரையும் கிட்ட விடல. அப்பா பாத்தாரு, அம்மா கட்டியிருந்த சேலைய எடுத்துச் சுத்திக்கிட்டு, மீசையோட போய்க் குந்திட்டாரு. லயமே கூடிப் போச்சுங்க. 'என்னா மச்சான், பொண்ணு பாக்க வரட்டா'ன்னு பக்கத்து வீட்டு மாமா கத்துறாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க... மாடு மட்டும் சிரிக்கல. பால் குடுத்துருச்சு."

பயந்த மாட்டின் மடியில் பால் இறங்காது என்பது நான் கற்பித்த பாடந்தான். இரத்தத்தில் எது சுரக்கிறது, எது அதைத் தடுக்கிறது என்று படம் வரைந்து காட்டியிருக்கிறேன். பயத்தை எப்படிப் போக்குவது என்ற பக்கத்தில் மட்டும் படம் இல்லை.

லொறி மறுநாள் வரும். நான் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். ஆணியிலிருந்து சேலையை எடுத்தேன். கொண்டுவந்து கொடுத்தேன்.

அவள் அதைச் சுரிதாரின் மேல் சுற்றி முந்தானையை இடுப்பில் செருகினாள். செவ்வந்தி தலையைத் திருப்பினாள். முகர்ந்தாள். மெல்லிய குரல் ஒன்று எழுப்பினாள் — கன்றைக் கூப்பிடும் குரல். காலைத் தூக்கினாள், ஆனால் உதைக்கவில்லை.

"அம்மா கறக்கும்போது ஏதாச்சும் பேசுவாங்களா சார்?"

எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் முன்வாசலில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பேன். பியதாச தலையைச் சொறிந்தார்.

"நோனா கதக்கிறதுதான்... எல்லாம் மஹத்தயா பத்தித்தான்."

"என்னைப் பற்றியா?"

"ஓவ். 'தேத்தண்ணி ஆறிப் போச்சு, இந்த மனுசன் பேப்பர விட மாட்டாரு'. 'தொப்பிய எங்க வச்சாருன்னு அவருக்கே தெரியாது'. அப்படி."

செல்வராணி என்னைப் பார்க்காமல் குந்தினாள். கையை மடியில் வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தாள்.

"ஆமாம் தாயி... அந்த மனுசன் இன்னும் பேப்பரத்தான் வாசிக்கிறாரு... தேத்தண்ணி ஆறிப் போச்சு... தொப்பியக் காணோமாம்... என்னா செய்யிறது, கட்டிக்கிட்டோம்..."

செவ்வந்தியின் காதுகள் தளர்ந்தன. முதலில் திரிதிரியாகக் கெட்ட பால் வந்தது. பிறகு நீராக. பிறகு... பால். அவள் ஒட்டக் கறந்து மருந்தை ஏற்றிவிட்டு எழுந்தபோது சேலையில் சாணமும் பாலும் மருந்தும் படிந்திருந்தன.

"இன்னும் ரெண்டு மூணு நாளைக்கு இப்படியே எடுக்கணுங்க சார். நான் நாளைக்குக் காலையில பஸ் ஏறணும்" என்றாள்.

நாங்கள் இருவரும் பியதாசவைப் பார்த்தோம். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"நான் சாரி உடுத்துறதா? பெஞ்சாதி வீட்ட விட்டே வெரட்டுவா!"

சனிக்கிழமை லொறி வந்தது. வெறுமையாகத் திரும்பியது. வியாபாரியிடம் விற்பதற்கில்லை என்று சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உடுத்தியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதியவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதாக நாம் பெருந்தன்மையோடு பேசிக்கொள்கிறோம். தோட்டத்துப் பிள்ளை வந்தாள், பெண் வந்தாள், இடம் கொடுத்தோம் என்கிறோம். அவர்கள் வெறுங்கையோடு வந்ததாக யார் சொன்னது? லயத்தில் மீசையோடு குந்திய ஒரு தகப்பனையும் அந்தப் பெண் தன்னோடு கால்நடை மருத்துவ பீடத்துக்குள் அழைத்து வந்திருக்கிறாள். அவருக்கு நாம் எந்தப் பாடவேளையும் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

மடி வீக்கம் வற்றிச் சூடு தணிந்துவிட்டது. கன்று துள்ளுகிறது. எல்லாம் முடிந்ததும் சேலையை வாங்கித் துவைத்து அனுப்புவதாகச் செல்வராணி சொல்லியிருந்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது அதில் மாட்டு வாடைதான் அடிக்கிறது. பார்வதி இருந்தபோதும் அவள் சேலையில் அதுதான் அடித்தது.

என்னைப் பற்றி நானே செவ்வந்தியிடம் என்ன குறை சொல்வது என்று முதல் நாள் தடுமாறினேன். இப்போது வாளி நிறைந்த பிறகும் பேச்சு முடிவதில்லை.